நீல டேப் ஒட்டிய தட்டு

— கையை எடுக்காதேடா. தண்ணி ஓடட்டும்.

— இன்னும் எவ்வளவு நேரம் மகாராணி? விரல் ஊறிப் போச்சு.

— கால் மணி நேரம் கழுவணும்னு விதி. அமுக்காதே. தானா வர்ற ரத்தம் வந்தாப் போதும்.

— ஒரு பொட்டு ரத்தம். எறும்பு கடிச்சா இதைவிட வலிக்கும்.

— வைரஸ் ரூமுக்குள்ள ஊசியே கொண்டு வரக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டினதே நீதான். புருஷனாச்சேன்னு பார்க்கிறேன், வேற யாராவதா இருந்தா கிழி கிழின்னு கிழிச்சிருப்பேன். உனக்கு எதுக்கு ஊசி?

— நீல டேப் தட்டு படுத்துற பாடு அப்படி. மஞ்சள் டேப் தட்டுல செல்லுங்க சமத்தா தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கு. நீலத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. உறிஞ்சி எடுக்கிற பிப்பெட்டுக்கு அசையவே மாட்டேங்குது. பிரிச்சாத்தானே எண்ண முடியும்? ஊசியில இழுத்துப் பார்த்தேன், நல்லாவே பிரிஞ்சுது. திரும்ப மூடி போடும்போதுதான் வழுக்கிடுச்சு.

— காலையிலதான் ரெண்டு தட்டுலயும் புதுசா வைரஸ் விட்டேன்.

— தெரியும். பக்கத்துல நின்னு பாட்டுப் பாடினவனே நான்தானே.

— விளையாடாதே. கழுவி முடிச்சதும் பாதுகாப்பு ஆபீசர்கிட்ட போறோம். அங்கிருந்து நேரா டாக்டர்கிட்ட. எய்ட்ஸ் கிருமியில இருந்து செஞ்ச வைரஸ்தானே, அதுக்குக் குடுக்கிற மாத்திரையையே இதுக்கும் குடுப்பாங்க. சீக்கிரம் போட்டாத்தான் பலன்.

— நான் வரல.

— என்ன வரல?

— யோசிச்சுப் பாரு. ஆபீசர் முதல்ல என்ன கேட்பார்? ஊசியில இருந்தது எந்த வைரஸ்னு கேட்பார். நீலம் எது, மஞ்சள் எதுன்னு டேப் ஒட்டின உனக்கு மட்டும்தான் தெரியும். எண்ணுற எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கண்ணு தனக்கு வேண்டியதையே பார்க்கும்னுதானே இந்த ஏற்பாடு. பாதியில வெளிய வந்துச்சுன்னா புரொபசர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பின்னுடுவார்.

— ஆரம்பிச்சா ஆரம்பிக்கிறோம். உயிரா போயிடும்?

— எங்க அக்கா உயிர் போயிடும்.

— அண்ணியை இதுல இழுக்காதே.

— வேற யாரை இழுக்க? இந்த ஒரு ஜீனை அணைச்சா அவளோட கேன்சர் கட்டி அடங்கும்னு காட்டத்தானே இவ்வளவு பாடு. ஆஸ்பத்திரியில எல்லாம் தயார். நம்ம எண்ணிக்கை ஒண்ணுக்காகத்தான் காத்திருக்காங்க. வந்ததும் முதல் ஆளா அவளுக்குத்தான் மருந்து. நேத்து போன்ல கேட்கிறா, "உன் செல்லுங்கல்லாம் சௌக்கியமா"ன்னு. ஏதோ நான் கோழி வளர்க்கிற மாதிரி.

— நீ என்ன சொன்னே?

— விளக்கமாச் சொன்னேன். வைரஸோட பல்லைப் பிடுங்கிட்டு, கூரியர்காரன் மாதிரி செல்லுக்குள்ள அனுப்புறோம்க்கா. அவன் உள்ள போய் அந்த ஜீனோட ஸ்விட்சை மட்டும் அணைச்சிட்டு வருவான். இன்னொரு தட்டுக்கு வெறுங்கையோட ஒருத்தனை அனுப்புறோம், சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. மஞ்சள் டேப்காரங்க அடங்கிட்டாங்க, நீலம்தான் ரவுடித்தனம் பண்ணுதுன்னு சொன்னேன். சிரிச்சா. ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சா.

— அதை ஏன்டா சொன்னே?

— படுக்கையில கிடக்கிறவ யார்கிட்ட போய்ச் சொல்லப் போறா? அட, அதுக்கு ஏன் உன் மூஞ்சி இப்படிச் செத்துப் போகுது? கொஞ்ச நாளாவே நீ சரியில்ல. சாப்பிடும்போது அக்கா பேச்சை எடுத்தாப் போதும், தட்டைத் தூக்கிட்டு எழுந்து போயிடுறே.

— தூக்கம் சரியில்ல, அதான். நீ பேச்சை மாத்தாதே. மாத்திரை போட்டே ஆகணும்.

— எதுக்குப் போடணும்? மாசக்கணக்கா எண்ணினவன் நான். நீ வாயைத் திறக்கலேன்னாலும் எனக்குத் தெரியும். மஞ்சள்ல அடங்குது, அப்ப மஞ்சள்தான் ஜீனை அணைக்கிறவன். நீலம் வெத்துவேட்டு. என்னைக் குத்தினது நீலம். கெட்ட நேரத்துலயும் எனக்கு ஒரு நல்ல நேரம்.

— நீயா ஊகிக்கிறே.

— நீ இல்லேன்னு சொல்லலையே.

— ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லேன்னும் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் என்னை உட்கார வச்சிருக்காங்க. எதையும் கேட்காதே. எனக்காக வா. கல்யாணம் ஆனதுல இருந்து உன்கிட்ட எதையாவது இப்படிக் கெஞ்சியிருக்கேனா?

— இல்ல. அதான் பயமா இருக்கு. குழாயை மூடு, உள்ள போய் மிச்சத் தட்டை எண்ணணும். கதவை விட்டுத் தள்ளு, நடுவுல நிக்காதே. உள் கதவு மூடினாத்தான் வெளிக் கதவு திறக்கும். நீ இப்படியே நின்னா ரெண்டு பேரும் இங்கேயேதான் கிடக்கணும்.

— கிடப்போம். நீ வர்றேன்னு சொல்ற வரைக்கும் நகர மாட்டேன்.

— சரி, ஒண்ணு பண்ணு. நீலம் ஆபத்துன்னா இப்பவே சொல்லு, மறுபேச்சு இல்லாம வர்றேன். அக்காவுக்கு மருந்து தள்ளிப் போகும், போகட்டும். ஆபத்து இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு வழியை விடு.

— ரெண்டையும் என் தலையில கட்டுறியா?

— டேப் ஒட்டினவ நீதானே.

— எனக்கு எப்படி மூச்சு முட்டுதுன்னு உனக்குத் தெரியாது. சாயங்காலமானா எண்ணிக்கையைச் சிரிச்சுக்கிட்டே நீட்டுவே. நான் வாங்கிக்கணும். உன்கூடவே பஸ் ஏறணும். அண்ணி போன் பண்ணினா, "நல்லாப் போகுது அண்ணி"ன்னு இந்த வாயாலயே சொல்லணும்.

— நல்லாத்தானே போகுது?

— நல்லா இல்லடா.

— ஏன் அழறே? இங்க பாரு. நீலம் பெருகுது, மஞ்சள் அடங்குது. நாம எதிர்பார்த்ததே அதானே. இதுல அழ என்ன இருக்கு?

— குப்பியை எல்லாம் திரும்பத் திரும்பச் சோதிச்சுப் பார்த்தேன். ஒட்டும்போது கை தவறி டேப் மாறியிருக்கணும், மாறியிருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் பார்த்தேன். மாறல.

— என்ன மாறல?

— மஞ்சள்ல ஒண்ணுமே இல்லடா. ஜீனை அணைக்கிற வைரஸ் நீலத்துலதான் இருக்கு.