டொக்டரிட்டச் சொன்ன களைப்பு

ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில், தலையில் துணி கட்டிய ஓர் அம்மாவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் கிளினிக் முடிந்து வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“எனக்குக் களைப்பு எண்டு டொக்டரிட்ட ஏனப்பா சொன்னனீங்கள்? நான் மறைச்சு வைச்சிருந்தனான்,” என்றார் அம்மா.

“அதை ஏன் மறைக்கிறீர்?”

“ஏலாது எண்டால் மருந்தை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு பயம்.”

“இப்ப நிப்பாட்டினவரே? ரத்தம் குறைஞ்சு போச்சு, ஏத்துவம் எண்டுதானே சொன்னவர். மருந்தும், நித்திரை இல்லாததும், சாப்பிடாததும் எல்லாம் சேர்ந்துதான் ஆளை விழுத்துதாம்.”

“அப்ப நான் வேலைக்குப் பஞ்சிப்பட்டு, சோம்பேறியாய்ப் படுக்கேல்லை.”

“பஞ்சியெண்டு ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். போன மாசம், வீட்டு முத்தம் கூட்டாமல் கிடக்கேக்க.”

கணவர் கடலுக்கு நடுவே போகும் வீதி முடியும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரம்பொனில் பஸ் நின்றதும் அம்மா எழுந்து கம்பியைப் பிடித்தபடி நின்றார். “கெதியா இறங்குங்கோ,” என்றார் கொண்டக்டர்.

“கொஞ்சம் பொறும் தம்பி,” என்றார் கணவர், பஸ் முழுவதும் கேட்கும்படி. “மனிசிக்குச் சரியான களைப்பு. ஆறுதலா இறங்கட்டும்.”