பதினெட்டாம் எண் வில்லையை மாட்டியவர் குறித்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் சென்ற ஞாயிற்றுக்கிழமை இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது அறுபத்தெட்டு. பேருந்து நிலையத்தின் பின் தெருவில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கட்டடத்தில் குடியிருக்கிறேன். தையல் இயந்திரம் பழுது பார்ப்பது தொழில். யாரிடமும் கற்றதில்லை, பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இன்று யாரும் அழைக்காமல் நானாகவே வந்திருக்கிறேன். என் முதல் வாக்குமூலத்தின் பேரில் தேசியப் பூங்காவின் வாயிற்காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருக்கு வேலை உண்டா இல்லையா என்று நாளை காலை விசாரணையில் முடிவாகும். அதற்கு முன் இது அங்கே போய்ச் சேர வேண்டும்.

நானும் என் மனைவியின் தம்பியும் பதினோரு வருடமாக மாதம் இருமுறை அந்தப் பூங்காவின் சிகரத்துக்கு ஏறி இறங்குகிறோம். வாயிலில் ஒரு பலகையில் எண் பொறித்த பித்தளை வில்லைகள் ஆணிகளில் தொங்கும். ஏறுகிறவர் ஒரு வில்லையை எடுத்துப் போய், இறங்கியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் மலையில் இருக்கிறார் என்று அர்த்தம். உடனே தேடப் போவார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினேழு, பதினெட்டு ஆகிய வில்லைகளை எடுத்தோம். அப்போது காவலரும் மைத்துனரும் பலகைக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் அருகே போனதும் பேச்சு நின்றது. கேட்டதற்கு மைத்துனர், "ஒண்ணுமில்ல அத்தான், மழை வருமான்னு கேட்டேன்" என்றார். வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. அதன் பிறகு ஏறினோம். எப்போதும் முன்னால் போகிறவர் அன்று எனக்குப் பின்னாலேயே வந்தார். இரண்டு முறை சட்டென்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு உச்சியை அடைந்தோம். எங்களைத் தவிர ஆள் இல்லை, காற்றுகூட இல்லை. மைத்துனர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க அத்தான். அடுத்த தடவையிலேருந்து பாதி வழி வந்தா போதும்னு அக்கா சொல்லச் சொன்னாங்க" என்றார்.

"உங்க அக்கா சொன்னாளா, வாசல்ல நிக்கிறவன் சொல்லிக் கொடுத்தானா?"

"அவர்கிட்ட, நீங்க இறங்கி வர்றப்ப தள்ளாடுறீங்களான்னு பாக்கச் சொன்னேன். அவ்வளவுதான்."

மூன்று பேர் எனக்குத் தெரியாமல் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்று புரிந்தது. "அப்படியே ஒரு கைத்தடியும் வாங்கிடு மாப்ளே" என்றேன். "வாங்கியாச்சு, கட்டிலுக்கு அடியில இருக்கு" என்று சிரித்தார். அதன் பிறகு நான் பையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினேன். அவர் இருமுறை கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

ஒன்றரை மணிக்கு வாயிலுக்கு வந்தபோது காவலர் அறைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எட்டிப் பார்க்கவில்லை. மாட்ட வேண்டியதை மாட்டிவிட்டுப் பேருந்து ஏறினேன். வீட்டில் மனைவி தம்பி எங்கே என்று கேட்டதற்கு, அவனுக்கு வழி தெரியும் என்றேன். ஆறு மணிக்கு அவள் வாயிலுக்குத் தொலைபேசியில் கேட்டாள். "ரெண்டு வில்லையும் ஆணியில இருக்கும்மா, ரெண்டு பேரும் இறங்கியாச்சு" என்று காவலர் சொன்னார். மைத்துனர் கோபித்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலையும் அவர் வரவில்லை. அதன் பிறகு நான் வாயிலுக்குப் போனேன். மைத்துனருடைய பதினெட்டு ஆணியில் தொங்கியது. காவலர், "ஆளைப் பாக்கலங்க ஐயா, வில்லையைத்தான் பாத்தேன்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக, எங்கோ விழுந்து கிடந்த வில்லையை அவரே மாட்டிவிட்டார் என்று முடிவு செய்து முதல் வாக்குமூலம் கொடுத்தேன். அன்று நண்பகலில்தான் தேடல் தொடங்கியது. திங்கள் நண்பகலில் உச்சிக்குக் கீழே ஒரு பாறை இடுக்கில், தொடை எலும்பு முறிந்து, தண்ணீர் இல்லாமல், உயிரோடு மைத்துனரைக் கண்டெடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் இரண்டு நிமிடம் பேச அனுமதித்தார்கள். "அந்த ஆள்தானே உன் வில்லையை எடுத்து மாட்டினான்? பயப்படாம சொல்லு" என்று கேட்டேன். மைத்துனர் கண்ணைத் திறக்காமல், "என் வில்லை என்னைக்கு அத்தான் என்கிட்ட இருந்துச்சு?" என்றார்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் ஒரு வில்லையைத் தொலைத்தார். அன்றிலிருந்து இரண்டையும் என் பையில்தான் போடுவேன், இறங்கியதும் இரண்டையும் நானே மாட்டுவேன். அப்படியும் நான் நம்பவில்லை. காவலரின் ஆட்கள் வந்து சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று செவிலியரிடம் விசாரித்தேன். மைத்துனருடைய அக்காவைத் தவிர யாரும் வரவில்லை என்றார். அதன் பிறகு கடைக்கு வந்து பையைக் கவிழ்த்து, உள் துணியைத் தையல் பிரித்தும் பார்த்தேன். ஓர் இயந்திரத்தைப் பூட்டி முடித்த பின் தட்டில் ஒரு திருகு மிஞ்சினால் எதையோ மாட்டவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பையில் எதுவும் மிஞ்சவில்லை.

மனைவி, "அவன்தான் வந்துட்டானே, இப்ப போய் இதைச் சொல்லணுமா?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நிலையத்தின் வெளி பெஞ்சில் அந்த வாயிற்காவலர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "அவருக்கு இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். நான் நேராக உள்ளே வந்தேன்.

ஆளைப் பார்க்காமல் வில்லையை மட்டும் பார்த்தது காவலரின் குற்றம். அதை நான் திரும்பப் பெறவில்லை. அவர் குற்றம் அவ்வளவே. பதினெட்டாம் எண் வில்லையை ஆணியில் மாட்டியது நான். தேடல் பத்தொன்பது மணி நேரம் தாமதமானது என் கையால்.

இதை எழுதிய அதிகாரி உரக்க வாசித்தார். பிறகு நானும் ஒருமுறை வாசித்தேன். "மறதியால் மாட்டினேன்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை, என் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதை அடிக்கச் சொல்லி, "அவர் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்காமல் மாட்டினேன்" என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்திலும் கீழேயும் என் கையொப்பம். சொன்னது முழுவதும் உண்மை, யாரும் சொல்லச் சொல்லிச் சொன்னதல்ல.

(கையொப்பம்)