தர்சோவிலிருந்து ஒரு கேள்வி

ரானல்ட்: எல்ஸ்பெத் அம்மா... எல்லாரும் போயிட்டாங்க. இன்னிக்கு வம்சாவளி தேடுற ஆன்லைன் வகுப்பு முடிஞ்சுது.

எல்ஸ்பெத்: தெரியுது. கம்ப்யூட்டரை மூட வழி தேடிட்டிருக்கேன்.

ரானல்ட்: ஆறு வாரமா சரியாத்தானே மூடினீங்க!

எல்ஸ்பெத்: வாத்தியார்னா குத்திக்காட்டாம இருக்க முடியாதோ?

ரானல்ட்: எனக்குத்தான் ரிட்டயர்மென்ட், வாய்க்கு இல்ல. சரி, கேமராவையாவது போடுங்க. உங்க முகம் மட்டும்தான் இன்னும் பார்க்கல.

எல்ஸ்பெத்: தலை சீவல.

ரானல்ட்: ஆறு வாரமாவா?

எல்ஸ்பெத்: ஸ்காட்லாந்து வடக்குக் கரையில, எங்க தர்சோ ஊர்க் காத்துல சீவினா மட்டும் நிக்குமா? ... ஒண்ணு கேக்கணும்.

ரானல்ட்: அப்பாடா! இப்பவாவது வாயைத் திறந்தீங்களே.

எல்ஸ்பெத்: பிறப்புப் பதிவுல அப்பா பேரே இல்லாத ஒருத்தி...

ரானல்ட்: மூணாவது வார வகுப்புல சொன்னேனே. பதிவெல்லாம் அப்புறம். உயிரோட இருக்கிறவங்ககிட்ட முதல்ல...

எல்ஸ்பெத்: கேட்டுட்டேன். அம்மாவோட சிநேகிதி ஒருத்தி முதியோர் இல்லத்துல இருக்கா. இத்தனை வருஷம் அவகிட்ட கேக்கக் கூச்சம். போன வாரம் போனேன். பேரைச் சொல்லிட்டா. மத்ததெல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த வழிதான்.

ரானல்ட்: கிடைச்சுட்டாரா! எல்லாரும் இருக்கும்போது சொல்லியிருந்தா கை தட்டியிருப்போமே.

எல்ஸ்பெத்: கை தட்டுற விஷயமான்னு தெரியல... மீன்பிடிப் படகுல எங்க ஊருக்கு வேலைக்கு வந்தவராம். அம்மா வயித்துல நான் இருக்கும்போது கிளம்பிட்டார்.

ரானல்ட்: மீன்பிடிப் படகுலயா? ... சொல்லுங்க.

எல்ஸ்பெத்: அவர் இப்ப இல்ல. ஒரு பையன் இருக்கான். எழுபது வயசுக்கு மேல நான் போய் 'உன் கூடப் பொறந்தவ'ன்னு நின்னா, சொத்துக்கு வந்தவன்னு நெனைப்பான்ல?

ரானல்ட்: நெனைக்க மாட்டான்.

எல்ஸ்பெத்: அது எப்படி உங்களுக்குத் தெரியும்? அப்பாவைத் தலையில வச்சு வளர்ந்திருப்பான். அதுல நான் மண்ணள்ளிப் போடணுமா?

ரானல்ட்: அந்தப் பையன் பேர் என்ன?

எல்ஸ்பெத்: வேணாம், விடுங்க...

ரானல்ட்: சொல்லுங்கம்மா.

எல்ஸ்பெத்: அப்பா பேரைச் சொல்றேன். மர்டோ கெடிஸ். டண்டி நகரத்துல இருந்தவர்... உங்க அப்பா. சத்தியமா போன வாரம்தான் எனக்கே தெரியும். உங்களைத் தேடிக்கிட்டு வகுப்புக்கு வரல. எங்க ஊர் நூலகக் கதவுல நோட்டீஸ் இருந்துது, இலவசம்னு சேர்ந்தேன். அவ்வளவுதான். மனசுல வச்சுக்காதீங்க. நான் வரேன்...

ரானல்ட்: போகாதீங்க! கடைசி மாசத்துல அப்பா சொன்னார். 'தர்சோவுல எனக்கு ஒரு பிள்ளை இருக்குடா.' ஆணா பொண்ணான்னுகூட அவருக்குத் தெரியல. நான் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? ... அந்த நோட்டீஸை நான் வேற எந்த ஊருக்கும் அனுப்பல, அக்கா.