ஒன்பதாம் அறைக்காரரின் கன்னம்

சீப்பு என்று எல்லோரும் கூப்பிடும் நான், வயது ஐம்பத்து மூன்று, தொழில் முடிதிருத்துதல், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் என் கடை மாடியிலேயே குடியிருப்பவன், விசாரணை அதிகாரி கேட்டதற்குச் சொல்வது:

முதியோர் காப்பகத்தில் ஆறு வருடமாகச் செவ்வாய்தோறும் காலையில் சவரம் செய்துவருகிறேன். ஒன்பதாம் அறைக்காரர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மறதி நோய் முற்றி, பேச்சு நின்று, பெற்ற மகனையே தெரியாமல் போய்விட்டது. ஆனாலும் நான் நுரை தடவியதும் நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தள்ளிக் கொடுப்பார்.

அவர் கத்துகிறார் என்று புது மாத்திரை தொடங்கினார்கள். அதன் பிறகு மூன்று செவ்வாய் கன்னம் தள்ளவில்லை. நர்ஸ் வாழ்க்கைத் தரப் படிவத்தை நிரப்பிவிட்டு, கத்தல் இல்லை, அடம் இல்லை, மதிப்பெண் ஏறியிருக்கிறது என்றார்.

"மார்க் ஏறுது சிஸ்டர், மனுஷன் இறங்கிட்டாரே" என்றேன்.

"எதை வச்சு சொல்றீங்க?"

கன்னத்தைப் பற்றிச் சொன்னேன். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒரு கேள்வியே அதில் இல்லை. அதன் பிறகு மருத்துவருக்கு எழுதி, பத்து நாள் பதில் வராமல், தானாகவே மாத்திரையைப் பாதியாக்கினார். அதை ஒளிக்காமல் பதிவேட்டிலும் எழுதினார். நான் பார்த்தேன். தப்பு தப்புதான்.

இரண்டு வாரம் கழித்துக் கன்னம் தள்ளினார். கத்தலும் திரும்பியது. மகன் வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு நர்ஸ் மேல் புகார் கொடுத்தார். நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அதன் பிறகு என்னிடம் வந்து, "எங்கப்பா கத்துறது உங்களுக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டார். "எப்பக் கத்துறாருன்னு பாத்தீங்களா தம்பி?" என்றேன்.

அன்று இருவரும் அறையிலேயே உட்கார்ந்து பார்த்தோம். சாப்பாட்டின்போது மட்டுமே கத்தினார். உதட்டை விலக்கினேன், பல்செட் அழுத்தி ஈறில் கொட்டைப்பாக்கு அளவு புண். அதன் பிறகு பல் மருத்துவர் வந்து செட்டைக் கழற்றிவிட்டார். பெரிய மருத்துவரும் வந்து பார்த்து மாத்திரையை நிறுத்தினார். நர்ஸ் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதாக மகன் சொன்னார். பெற்றாரா என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் அறைக்காரர் இப்போது சுகமா என்று அதிகாரி கேட்கிறார். நேற்று மகன் சாப்பாடு ஊட்டும்போது, பெரியவர் பொக்கை வாயால் மகன் விரலைக் கடித்துக்கொண்டு விடவேயில்லை. மகன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு எத்தனை மார்க்கு?" என்று என்னைக் கேட்டார்.

இதில் உள்ளது அனைத்தும் நான் கண்டதும் கேட்டதுமே. படித்துக்காட்டக் கேட்டு, என் சொல் மாறாமல் இருப்பதால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)