கமிட்டியில் நம்ம அம்மா

சந்திரகலா: டீ ஆறுது பாருங்க ரெங்கராஜ். போன மாசம் கதவு இழைக்க வந்தப்ப கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்ச ஆளு...

ரெங்கராஜ்: அன்னைக்கு வேல பாத்த அலுப்பும்மா.

சந்திரகலா: இன்னைக்கு வெள்ளிக்கிழமை லீவு. அலுப்பு இல்ல, அதான் டீ இறங்கலயா?

ரெங்கராஜ்: அப்படின்னே வச்சுக்கங்க... நாகலிங்கம் விசயம் என்னாச்சும்மா? உங்க ஆபீசர் வீட்டம்மாக்க லேடீஸ் கமிட்டி செவ்வாக்கெழம கூடுச்சாமே.

சந்திரகலா: கூடுச்சு. அவருக்கு எப்படி இருக்கு? காமாலை இறங்குச்சா?

ரெங்கராஜ்: மொதல்ல நீங்க சொல்லுங்க.

சந்திரகலா: கம்பெனி ஆஸ்பத்திரியில சேத்தாங்களா?

ரெங்கராஜ்: அங்க பெட்டு ஆபீசருகளுக்குத்தான. மாத்திரையக் குடுத்து நாங்க தங்குற கேம்ப்புக்கே அனுப்பிட்டாக. வருசம் முடியாம ஊருக்கு டிக்கெட் மாஃபி, கெடையாதுன்னுட்டான் எங்கள வேலைக்கு எடுத்த அரபி, அந்தக் கஃபீலு. அதுக்கப்புறந்தான டிக்கெட் கேட்டு உங்க கமிட்டிக்கு எழுதிப் போட்டோம். ஊருக்குப் போனா பொண்டாட்டி வடிவு எப்படியும் பொழைக்க வச்சிரும்னு சொல்லிக்கிட்டே கெடந்தான்.

சந்திரகலா: என்னத்தச் சொல்ல... ரூல் இடம் குடுக்கலை. கமிட்டி டிக்கெட்டுக்கும் அதே கணக்குதான். ஒரு வருஷம் முடிச்சிருக்கணுமாம்.

ரெங்கராஜ்: அந்த வெள்ளக்கார போர்மேன் வந்து மூணு மாசந்தாம்மா. கால் ஒடஞ்சதும் லண்டனுக்கு ஏத்தி விட்டாகளே. அதே கமிட்டிதான?

சந்திரகலா: அது... அது வேற.

ரெங்கராஜ்: எப்படிம்மா வேற?

சந்திரகலா: அவங்க அத்தனை பேர், நான் ஒருத்தி. அங்க நான் என்ன பேசி...

ரெங்கராஜ்: உங்களச் சேத்த அன்னைக்கு கேம்ப்புல கேசரி கிண்டுனோம்மா. வெள்ளக்காரிக நடுவுல நம்ம அம்மா ஒருத்தர் ஒக்காந்துட்டாக, இனி நம்ம கஷ்டமும் அவுக காதுல விழும்னு... நாகலிங்கந்தான் கிண்டுனான். அடிப்பிடிச்சுப் போச்சு.

சந்திரகலா: எனக்குச் சொல்லவே இல்லையே.

ரெங்கராஜ்: தீஞ்ச கேசரிய எப்படிம்மா கொண்டாந்து குடுக்குறது... அவுகதான் முடியாதுன்னாகளா?

சந்திரகலா: ஆமா.

ரெங்கராஜ்: எல்லாருமா?

சந்திரகலா: எதுக்கு இப்படித் துருவுறீங்க?

ரெங்கராஜ்: டீ குடுக்க கௌஸ் முகம்மது உள்ளதாம்மா நின்னான். அவனுக்கு இங்கிலீசு நல்லாத் தெரியும்.

சந்திரகலா: ...என்ன சொன்னான்?

ரெங்கராஜ்: தலைவியம்மா குடுக்கலாம்னுதான் சொன்னாகளாம். அப்புறம் உங்க பக்கம் திரும்பி...

சந்திரகலா: போதும். நானே சொல்றேன். 'உங்க நாட்டுக்காரர்தானே, நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னு கேட்டாங்க. ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நான்தான் சொன்னேன்.

ரெங்கராஜ்: ஏம்மா?

சந்திரகலா: பயம் ரெங்கராஜ். முதல் தடவை வாயத் திறக்கறதே நம்ம ஆளுக்காகன்னா... இவளைச் சேத்ததே தப்பு, தன் ஜனத்துக்கே அள்ளிக் குடுப்பான்னு நினைச்சுடுவாங்களோன்னு...

ரெங்கராஜ்: அவுக ஆளுக்கு அவுக குடுத்தப்ப அப்படி யாரும் நெனைக்கலையேம்மா.

சந்திரகலா: இல்ல... யாரும் நினைக்கலை. அந்த போர்மேன் டிக்கெட்டுக்கு நானும்தான் சரின்னு கை தூக்கினேன்.

ரெங்கராஜ்: ம்...

சந்திரகலா: உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை மறுபடி கேக்கறேன். யார் என்ன நினைச்சாலும் சரி, வாங்காம வர மாட்டேன். இன்னும் நாலு நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க அவரை.

ரெங்கராஜ்: அவன் விடியக்காலையில போய்ட்டாம்மா. பொட்டியில வச்சு ஊருக்கு அனுப்பணும்... அதுக்கும் உங்க கமிட்டியிலதான் கேக்கணுமாம். அதான் வந்தேன்.