சாகு என்றால் போதும்

ஊத்தங்கரை வெயிலில் வளர்ந்தவளுக்கு ஓசூர்க் குளிர் பழகக் கொஞ்ச நாளாகும், ஐயா. தொண்ணூறில் வேலைக்கு வந்தேன், இன்னும் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடிவதில்லை. கன்னடம் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். மகளைக் கொன்றதாகச் சாந்தம்மா மீது நீங்கள் போட்டிருக்கும் வழக்கு, ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதால் வந்தது.

மகள் ரோட்டுக்கு ஓடியபோது தாய் "சாவு, சாவு" என்று கத்தியதாக டீக்கடை மதுரைவீரன் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர், அவர் காதுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். அவள் கத்தியது "சாகு". கன்னடத்தில் "போதும்" என்று அர்த்தம். நிறுத்தத்தான் கத்தினாள். தொல்லை ஒழியட்டும் என்று பெற்றவளே பிள்ளையை லாரிக்கு முன்னால் விரட்டினாள் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

நாகரத்னாவுக்கு அந்தச் சொல்லைப் பழக்கியவள் நான். எட்டு வயது, பேச்சு வராது, கதவு திறந்தால் ஓட்டம். உத்தனப்பள்ளியில் அவர்கள் வாசலில் இறங்கினாலே ராயக்கோட்டை ரோடு. சாந்தம்மா பகலெல்லாம் அவளைத் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டுதான் சமைப்பாள், துவைப்பாள். அந்த நிலைமையில்தான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான எங்கள் பயிற்சி மையம் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் புழங்குகிற சொல்லாகவே இருக்கட்டும் என்று "சாகு" என்பதை எடுத்துக்கொண்டேன். சொன்னதும் நின்றால் ஒரு வெல்லத் துண்டு. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தச் சொல்லுக்கு நின்றுவிடுவாள். அப்பா ராமப்பன் ஷிப்டு முடிந்து வந்து, அதைப் பார்த்துவிட்டுச் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு வகுப்பை முடித்துக்கொள்ளும் பேச்சு வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் செல்வம்மாள் சொன்னார்:

"நம்ம வேலை நல்லா நடந்திருக்குன்னா, இனி நம்ம தேவையில்லைன்னு அர்த்தம். அம்மாகாரிகிட்ட ஒப்படைச்சிட்டு, கையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடு. சொல்லாம கொள்ளாம நிக்கவும் கூடாது, இழுத்துக்கிட்டுக் கெடக்கவும் கூடாது."

நல்ல முறைதான், நான் குறை சொல்லமாட்டேன். சாந்தம்மாவும் சிரித்துக்கொண்டு, "இனி நாங்களே பாத்துக்கறோம் டீச்சரம்மா. நீங்க எப்பவாச்சும் ஊட்டாவுக்கு வாங்க" என்றாள். சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள், நல்ல மனதோடுதான் சொன்னாள். அன்று அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என்னைக் கண்டால் ஓடி வருகிற ஒரே உயிர் அந்தக் குழந்தைதான். அது இல்லாமல் போனால் நான் யார் என்று நினைத்தேன். அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

மீதியிருந்த வகுப்புகளில், சாந்தம்மா அடுப்படியில் இருக்கும்போது, பாடத்தைக் கொஞ்சம் மாற்றினேன். "சாகு" என்று சொல்லிக் கையை நீட்டுவேன். நின்றால் ஒன்றும் கிடையாது. ஓடி வந்து கையைத் தொட்டால் வெல்லம். கெட்டிக்காரக் குழந்தை, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். செல்வம்மாள் வந்து பார்த்த அன்று நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தாய் சொன்னாள், மகள் நின்றாள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பூ வைத்து அனுப்பினார்கள்.

ஒரே ஒருமுறை அவள் சொல் கேளாமல் ஓடினால் போதும், பயந்துபோய் என்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கெடுதல் நினைக்கவில்லை. அவர்கள் கொஞ்சம் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். நான் பயந்ததில் பாதி இருந்தால்கூடப் போதும்.

சம்பவம் நடந்த அன்று அவர்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பஸ் போனதும் ரத்னா என்னைப் பார்த்துவிட்டாள். வாசலிலிருந்து ஓடி வந்தாள். சாந்தம்மா பின்னாலேயே "சாகு, சாகு" என்று கத்திக்கொண்டு வந்தாள். அவள் குரலில் இருந்த பயம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

குழந்தை நின்றது, ஐயா. ரோட்டோரத்தில், தார் தொடங்குகிற இடத்தில் சரியாக நின்றது. சாந்தம்மா செய்ததில் ஒரு தப்பும் இல்லை. லாரி சத்தம் எனக்குக் கேட்டது. தூரத்தில் வருகிறது என்று நினைத்தேன் என்று சொல்லலாம்தான். கிட்டத்தில்தான் வந்தது, பார்த்தேன். பார்த்துக்கொண்டே கையை நீட்டினேன்.

சாந்தம்மாவை இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்குக் கைப்பிள்ளை ஒன்று இருக்கிறது, அவனுக்கும் இன்னும் பேச்சு வரவில்லை. இந்த நிலைமையில் அவளைத் தனியாக விடக்கூடாது, பாவம். நான் வெளியே வரும்வரை அந்த வீட்டுக்கு வேறு யாரையும் அனுப்ப வேண்டாம் என்று செல்வம்மாளிடம் சொல்லிவிடுங்கள்.