அண்ணாச்சி வீட்டு உயரம்

புதுக்கோட்டை மாடி வீட்டில் நல்ல காற்று வருகிறது. போன அக்டோபரில் முத்தையாபுரத்திலிருந்து நான் வீடு மாறியது காற்றுக்காகத்தான். மழைக்குப் பயந்து மாறினேன் என்று விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டாம், ஐயா.

மாநகராட்சியில் என் வேலை எளியது. அடைமழையில் எந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பேன். அது காட்டும் தெருவுக்குப் பம்பு வைப்பார்கள். ஒவ்வொரு தெருவும் எவ்வளவு உயரம் என்று நான் கொடுப்பதை அது அப்படியே நம்பும். என் கணவர் டேவிட்சன்கூட என்னை அவ்வளவு நம்பியதில்லை.

பக்கத்து வீடு சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியுடையது. மளிகைக்கடைக்காரர், தங்கமான மனிதர். பழைய வீட்டை இடித்து, மண்ணடித்து, மூன்றடி உயர்த்திக் கட்டினார். அன்றிலிருந்து அவர் வாசலில் விழுகிற மழையெல்லாம் என் அடுக்களைக்கு வந்தது. என் கல்யாணப் பட்டு ஊறி நாறியது. போய் முறையிட்டேன்.

"நீங்களும் மண்ணடிச்சு உசத்துங்க சுதாம்மா. நானா வேண்டாங்கேன்?" என்றார், மிக்சரைக் கொறித்துக்கொண்டே.

வயிறு எரிந்தது. ஆனாலும் பெரியவர் சொன்னதைத் தட்டக்கூடாது. உயர்த்தினேன், கம்ப்யூட்டரில். அதில் ஒரு வீட்டை மட்டும் உயர்த்த வழியில்லை, தெருவையே மூன்றடி உயர்த்தினேன். மேட்டுத் தெருவுக்குப் பம்பு எதற்கு? அது வேறு தெருவுக்குப் போனது. நான் புதுக்கோட்டைக்குப் போனேன்.

சாமான் ஏற்றும்போது எதிர்வீட்டு இசக்கிசெல்வி கைப்பிள்ளையோடு வந்து நின்றாள்.

"யக்கா, இந்த மழைக்காவது நம்ம தெருவுல தண்ணி நிக்காதுல்லா? நீங்கதான கம்ப்யூட்டர்ல பாத்தீங்க?"

"நிக்காது செல்வி," என்றேன். அவளிடம் சொன்னால் அண்ணாச்சி காதுக்குப் போய்விடும்.

டிசம்பரில் கொட்டித் தீர்த்தது. சாக்கடை பொங்கி இரண்டரை அடி நின்றது. எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்தது, அண்ணாச்சி வீட்டைத் தவிர. அவர் வீடு மூன்றடி மேலே இருப்பதை நான் அடியோடு மறந்திருந்தேன். தெருவே அங்கே ஏறி உட்கார்ந்து அவர் போட்ட சோற்றைத் தின்றது. வாந்திபேதியில் துவண்ட செல்வியின் பிள்ளையை அவர்தான் தோளில் போட்டு, அந்தத் தண்ணீரில் நடந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இப்போது தெருவுக்கு அவர்தான் தெய்வம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிள்ளை இன்னும் கண் விழிக்கவில்லை. ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு நானும் போய்ப் பார்த்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆமாம், தெருவின் உயரத்தை மாற்றியது நான்தான். செய்த தவறை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. மறுபடி கணக்குப் போடச் சொன்னால், இந்த முறை அண்ணாச்சி வீட்டு உயரத்தையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வேன்.